பந்துப் பெயர்களுக்கு ஒரு பிழைதிருத்தம்

1

2024 ஜூலை 4, வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். சாரல். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

எதற்கும் நேரம் குறித்துவைப்பது என் வழக்கம். அது ஒரு கதைக்கு உதவுவது இதுவே முதல் முறை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியில் நான் தமிழ் கற்பிக்கிறேன், குறிப்பாக, இலக்கணம். ஆண்டுதோறும் ஜூலையில் வெளிவரும் ‘சாரல் மலர்’ என்னும் இதழுக்கும் நானே பொறுப்பு. அவ்வாண்டு மலரில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்புவதற்கு எதையாவது தேடிக்கொண்டுதான் குடையுடன் மைதானத்துக்குப் போனேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இக்கதைக்கு அதைவிட உயர்ந்த பிறப்பு எதுவும் கிடையாது.

மைதானத்தில் ஒருவரும் தெரியவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், “மெயினருவி!” என்றது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தோலுறையில் பந்து விழும் சத்தம். மறுபடியும் அதே குரல், “எலுமிச்சை!” மறுபடியும் ஒன்றுமில்லாமை, மறுபடியும் சத்தம். கூப்பிட்டவளும் தெரியவில்லை, எறிந்தவளும் தெரியவில்லை, இருவருக்கும் இடையே போய்வந்த பந்தும் தெரியவில்லை. உறங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய கனவின் ஓரத்தில் குடைபிடித்து நிற்பதுபோல நின்றேன்.

[கடைசி வாக்கியத்தை இரண்டு முறை நீக்கினேன். இரண்டு முறையும் அது இல்லாத பத்தி பொய்யாகப் பட்டது. இருக்கட்டும்.]

2

பேஸ்பால் அறியாதவர்களுக்குச் சுருக்கமாக. எறிபவள் பிட்சர். பந்து தரையில் குத்தாமல் வரும். மட்டையுடன் நிற்பவள் அதை அடிக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் முகமூடி அணிந்து, குந்தி உட்கார்ந்திருப்பவள் கேட்சர். எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்பதைக் கேட்சர் தன் தொடைகளுக்கிடையே விரல்களால் காட்டுவாள். மட்டைக்காரிக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் ஆட்டமே இல்லை.

அமெரிக்கர்கள் இப்பந்துகளுக்கு வைத்துள்ள செல்லப்பெயர்களைப் பட்டியலிட்டால் ஒரு சிறிய அகராதி தேறும். வளைந்து விழும் பந்துக்குச் சார்லி மாமா என்று பெயர். அடிவாங்கவென்றே நடுவில் வரும் பந்து, இறைச்சி உருண்டை. தாடையை உரசுவதுபோல் வருவது, தாடைச் சங்கீதம். எங்கள் பெண்களுக்குச் சார்லி மாமாவைத் தெரியாது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவற்றின் பெயர்களை வைத்தார்கள். அன்று காலை மரத்தடியில் தலை துவட்டிக்கொண்டே அவற்றை எனக்குச் சொன்னார்கள். நான் அகரவரிசைப்படுத்தினேன். மலரின் நாற்பத்தேழாம் பக்கத்தில் வந்தது வருமாறு:

இலை: தவறிப்போய் நடுவில் வரும் பந்து. இலை போட்டுப் பரிமாறியதுபோல் இருக்கும். இதை யாரும் கேட்பதில்லை; தானே வரும்.

எலுமிச்சை: சுழலாமல், தள்ளாடி வருவது. எங்கே போகும் என்பது எறிந்தவளுக்கும் தெரியாது. அடிக்க முயலாமல் விட்டுவிடுவதே அறிவு.

ஒன் டு ஒன்: இடையில் எங்கும் நிற்காத பேருந்தின் பெயர் இதற்கு வந்தது. நேராக, விரைவாக வரும். முன்கூட்டியே மட்டையை வீச வேண்டும்.

குரங்கு: உடம்பை ஒட்டிப் பாய்வது. பயமுறுத்தும், தொடாது. அசையாமல் நின்றால் போதும்.

சாரல்: ஒன் டு ஒன் போலவே கை வீசப்படும், பந்து மட்டும் மெதுவாக வரும். மனத்துக்குள் ‘ஒன்று’ என எண்ணிவிட்டு அடிக்கலாம்.

மெயினருவி: கண்ணுக்கு நேரே வந்து, கடைசி நொடியில் முழங்காலுக்குக் கீழே வீழ்வது. பொறுத்திருப்பவருக்கே அடிபடும்.

இப்பட்டியலில் எழுத்துப்பிழையோ ஒற்றுப்பிழையோ இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

3

இனி, கதை. கதைக்கு ஒரு தொடக்கம் வேண்டும்.

முதல் வரைவு: ‘உலகம்மைக்குச் சிறுவயது முதலே பேஸ்பாலில் —’ இல்லை. கல்லூரிக்கு வந்த பிறகே அவள் பேஸ்பால் என்னும் சொல்லைக் கேள்விப்பட்டாள்.

இரண்டாம் வரைவு: ‘மூடுபனி ஒரு வெண்ணிறத் திரைபோல —’ இல்லை. திரையைப் பயன்படுத்தாத மூடுபனியை நான் இதுவரை அச்சில் கண்டதில்லை.

மூன்றாம் வரைவு: உலகம்மை கேட்சர், அணித்தலைவியும் அவளே. இருபது வயது. குரல் பெரியது. ஜெபமலர் பிட்சர். அவளுக்குக் கிட்டப்பார்வை. வெயில் காலத்தில் கண்ணாடி அணிந்து எறிவாள். சாரல் காலத்தில் கண்ணாடி நனைந்து உலகமே கரைந்துவிடும், ஆகவே கழற்றிவிடுவாள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் போட்டுப் பார்த்தாள்; ஒரு வாரம் கண் சிவந்து கிடந்தது. உலகம்மை தன் விரல்நகங்களில் ஆரஞ்சு நிறத்தைப் பூசிக் காட்டினாள். பதினெட்டு மீட்டர் தொலைவில், பனிக்குள், அதுவும் பயன்படவில்லை. கடைசியில் ஒருநாள் கோபத்தில், “மெயினருவி போடுட்டி!” என்று கத்தினாள். பந்து வந்து அவள் கையுறையில், அசைக்க வேண்டிய தேவையின்றி, உட்கார்ந்தது.

ஜெபமலர் விரலைப் பார்த்து எறியவில்லை. ஆளைப் பார்த்தும் எறியவில்லை. குரல் எங்கே இருக்கிறதோ அங்கே எறிந்தாள்.

அன்று முதல் அப்படித்தான். பெயர்களை எதிரணியினர் காதாரக் கேட்டார்கள். கேட்டு என்ன செய்ய? எலுமிச்சை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதே.

குரலைக் குறிவைத்து எறியும் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளுடைய தந்தை புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் வேலை செய்பவர். குவியலைப் பார்த்தபடியே அழுகிய பழங்களைப் பின்பக்கம் எறிவார்களாம். கூடையருகே இருப்பவரின் பேச்சுச் சத்தமே குறி. அதை அவள் சிறுமியாக அங்கே கற்றாள் என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு மேடம்,” என்றாள் ஜெபமலர். “ஆனா நான் அங்கன போனதே ரெண்டு தடவதான். ஒருதடவ வாந்தி எடுத்துட்டேன்.”

பத்தியைக் கைவிட்டேன். எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாது.

4

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. ஆலங்குளம் பக்கமிருந்து ஓர் அணி பயிற்சி ஆட்டத்துக்கு வந்தது. அந்த வாரச் சனிக்கிழமை நடக்கவிருந்த, கல்லூரிகளுக்கிடையேயான போட்டியின் இறுதி ஆட்டத்திலும் அதே அணியே எதிரணி.

முதல் மட்டைக்காரி வந்து நின்றாள். உலகம்மை முகமூடியை இறக்கினாள். “மெயினருவி!”

எதிரணி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். கையில் ஒரு தாள். செய்தி வாசிப்பவளின் குரலில் உரக்கப் படித்தாள்: “கண்ணுக்கு நேரே வந்து, கடைசி நொடியில் முழங்காலுக்குக் கீழே வீழ்வது. பொறுத்திருப்பவருக்கே அடிபடும்.”

மட்டைக்காரி பொறுத்திருந்தாள். அடிபட்டது.

உலகம்மைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அந்தத் தமிழை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. “சாரல்!” என்றாள்.

“ஏட்டி, சாரலு வருதாம், குடைய விரி!” என்று பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. “ஒன்னு எண்ணிட்டு அடி! டீச்சர் சொல்லிருக்காங்கல்லா!”

அடுத்த மட்டைக்காரி உதட்டை அசைத்து எண்ணியதை உலகம்மை பின்னாலிருந்து கண்டாள். பந்து மேலே போய்ப் பனிக்குள் மறைந்தது. அது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்கடுத்தவளுக்கு, “குரங்கு!” அவள் அசையாமல் நின்றாள். மூன்று சுற்றுகளில் பதினான்கு ரன்.

அன்று மாலை ஆசிரியர் அறைக்கு உலகம்மை வந்தாள். கையில் நனைந்த மலர்.

“மேடம், நாப்பத்தேழாம் பக்கம் நீங்கதான எழுதுனீங்க?”

“ஆமாம். ஏதாவது பிழையா?”

“பிழையே இல்ல மேடம். அதான் பிரச்சனை.”

*அடிக்குறிப்பு: மலரை யாரும் படிக்க மாட்டார்கள் என்பது எங்கள் அனைவரின் நம்பிக்கை. பொறுப்பாசிரியராக என் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமும் அதற்குச் சான்று. ஆயினும் ஆண்டுதோறும் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்பிவைக்கிறோம். உறைகளில் முகவரியை என் கையாலேயே எழுதினேன், அஞ்சல் குறியீட்டெண்ணுடன்.

5

பெயர்களை மாற்றிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அன்றே மாற்றுப் பட்டியல் ஒன்றையும் தயாரித்துக் கொடுத்தேன்: இனி மெயினருவி என்றால் சாரல், சாரல் என்றால் ஒன் டு ஒன். அழகான பட்டியல்.

புதனும் வியாழனும் பயிற்சி செய்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகம்மை “சாரல்!” என்பாள். பனிக்குள் ஓர் இடைவெளி விழும். முன்பு அந்த இடைவெளி இருந்ததில்லை. பிறகு பந்து வரும், மெத்தென்று, நடுவில்.

“இலை,” என்பாள் உலகம்மை, தனக்குத்தானே.

எண்களைச் சொல்லிப் பார்த்தாள். நடிகர் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் இலை.

“பேரக் கேட்டா வெரலே போய்ப் புடிச்சிரும் மேடம்,” என்று ஜெபமலர் எனக்கு விளக்கினாள். அவள் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “இப்ப வெரலு நிக்கிது. நின்னு, எந்தப் பேரு எந்தப் பேரோட பேருன்னு யோசிக்கிது. அதுக்குள்ள கை போயிருது.”

“பழகினால் வந்துவிடும்.”

“வரும் மேடம். ஒரு மாசத்துல வரும்.”

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்றைய ஆட்டத்தைப் பார்க்க மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இருவர் வருகிறார்கள். இந்தப் பக்கம் அவர்கள் வருவது ஆண்டுக்கு ஒருமுறை. ஜெபமலர் இறுதியாண்டு மாணவி. எறிய இறங்கினால்தான் அவளை அவர்கள் பார்ப்பார்கள்; இறங்கி இலைகளாகப் போட்டால் பார்க்காமலிருப்பதே நல்லது.

6

இவ்விடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஐயம் எழுகிறது. அணியில் இரண்டாவது பிட்சர் ஒருத்தி இருக்கிறாள்: ஜெயசித்ரா. கூரிய கண். விரல் அடையாளம் நன்றாகத் தெரியும். அவளுடைய பந்துகள் சாதாரணமானவை. ஆயினும் எது வருகிறது என்பது எதிரணிக்குத் தெரியாது. உலகம்மைக்கு ஒரு மாற்று வழி வேண்டுமே என்று, கதையின் வசதிக்காக நான் கொண்டுவந்து நிறுத்தியவள்போல் அவள் இருக்கிறாள். நீக்கிவிடலாமா என்று பார்த்தேன். அவள் உண்மையிலேயே இருப்பதால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை உலகம்மையிடம் அவள் பேசியதை நானே கேட்டேன்.

“என்னையப் போடப்போறியாட்டி?”

“இன்னும் யோசிக்கல.”

“யோசி. நான் போட்டா பதிமூணு ரன்னு போவும். அவ போட்டா பதினாலு போவும். ஒரு ரன்னுக்காக என்னையக் கொண்டுபோய் அங்கன நிறுத்தி அசிங்கப்படுத்தாத.” போகத் திரும்பியபடியே, “நிறுத்துனாலும் சந்தோசந்தான், பாத்துக்க,” என்றாள்.

[இந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒருபோதும் கற்பனை செய்திருக்க மாட்டேன்.]

7

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. மலை சிறிது நேரம் தெரிந்தது. பிறகு தன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தார்ப்பாய்க்கடியில் தேர்வாளர்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் ஒவ்வோர் அணியும் ஆடுவோர் பட்டியலைக் கையொப்பமிட்டு அம்பயரிடம் கொடுக்க வேண்டும். அவர் பெற்றுக்கொண்ட பிறகு அதுவே முடிவு. எங்கள் உடற்கல்வி இயக்குநர் ஏசுதாசன் அதை எழுதுவதே இல்லை. தலைவி எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். “எங்கிட்ட காட்டாத. பாத்தா வாய் சும்மா இருக்காது,” என்று சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அன்றும் நின்றார்.

உலகம்மை அட்டையை முழங்காலில் வைத்திருந்தாள். ஏழு பெயர்களை எழுதிவிட்டாள். பிட்சர், கேட்சர் என்னும் இரண்டு வரிகள் காலியாக இருந்தன. பக்கத்தில் ஜெபமலர், அணியப்போவதில்லை என்றாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, இன்னைக்கு நான் எதையும் கேக்க மாட்டேன்,” என்றாள் உலகம்மை.

“கேக்காம?”

“நீயாப் போடு. எது தோணுதோ அது.”

“நீ சத்தம் குடுக்காம நான் எங்கன எறிய? மலையப் பாத்தா?”

“குடுப்பேன். ‘வா’ன்னு மட்டும் சொல்லுதேன். எல்லாத்துக்கும் ‘வா’தான்.”

ஜெபமலர் துடைப்பதை நிறுத்தினாள். “அப்ப எது வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“எலுமிச்சையப் போட்டா?”

“புடிச்சாப் புடிக்கேன்.”

“வெரலு ஒடிஞ்சிரும்ட்டி.”

“பத்து இருக்குல்லா.”

ஜெபமலருக்குச் சிரிப்பு வரவில்லை. தார்ப்பாய் இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே அவளுக்கு இரண்டு நீலக் கறைகள் மட்டுமே தெரிந்திருக்கும். “அவங்க உன்னையும்தான் பாக்க வந்துருக்காங்க. பந்து பின்னால போனா என்ன எழுதுவாங்க? பிட்சர் சொல்லாமப் போட்டான்னா எழுதுவாங்க? கேட்சருக்குப் புடிக்கத் தெரியலன்னு எழுதுவாங்க.”

உலகம்மை அட்டையைப் பார்த்தாள். எது வரும் என்று தெரியாமல் கையுறையை நீட்டி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். மூன்று சாரல் காலங்களாக அவள் ஒரு பெயரைச் சொல்லிய பிறகே பந்து பிறந்திருக்கிறது. இனி அது பெயரில்லாமல் பனிக்குள்ளிருந்து வரும். வந்து சேரும்வரை மட்டைக்காரிக்குத் தெரியாததைப்போலவே அவளுக்கும் தெரியாது. ஜெயசித்ராவை எழுதினால் கவலையில்லை. விரலைக் காட்டலாம். ஒரு பந்தும் தவறாது. தேர்வாளர்கள் தலையசைப்பார்கள்.

[இவற்றையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் மட்டும் எனக்குத் தெரியும்: நான்கு நிமிடம்.]

8

இங்கே மூன்று முடிவுகளை எழுதிவைத்திருந்தேன்.

ஒன்றில், ஜெயசித்ரா எறிகிறாள். அணி கௌரவமாகத் தோற்கிறது. உலகம்மை மாநில அணிக்குத் தேர்வாகிறாள். அதன் பிறகு அவளுடைய குரல் — அவ்வளவில் நிறுத்திவிட்டேன். வருந்தும் நாயகியை எழுதுவது எளிது. அவள் வருந்துவாள் என்பதற்கு என்னிடம் சான்றில்லை.

இன்னொன்றில், ஜெபமலரின் பந்துகளை எவராலும் தொட முடியவில்லை. உலகம்மை ஒன்றையும் தவறவிடவில்லை. மேகம் விலகி மலை தெரிகிறது. இதை எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. மலை எவருடைய வெற்றிக்காகவும் விலகுவதில்லை.

மூன்றாவதில், மழை வலுத்து ஆட்டம் கைவிடப்படுகிறது. குற்றாலத்தில் இது நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது என்பதாலேயே அது கோழைத்தனமான முடிவு.

மூன்றையும் நீக்குகிறேன். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டால், நான் அங்கே இருந்தேன். எத்தனை பந்துகள் கையுறையில் விழுந்தன, எத்தனை வேலிவரை உருண்டன என்பது தெரியும். குறிப்பேட்டில் நேரத்துடன் இருக்கிறது. சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்களைப் பற்றி ஒருமுறை தேவைக்குமேல் துல்லியமாகச் சொல்லிவிட்டேன். அதற்கு மலரில் பிழைதிருத்தம் வெளியிடவும் வழியில்லை. ஏனெனில் அதில் பிழை இல்லை. ஆட்டத்தை நீங்கள் ஆடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எத்தனை பந்து வேண்டுமோ அத்தனையும் பனிக்குள் இருக்கிறது.

நான் தரக்கூடியது இவ்வளவே. எட்டு மணி ஐம்பத்தாறு. அம்பயர் நல்லக்கண்ணு, தொப்பியிலிருந்து நீர் சொட்ட, மட்டைக்காரி நிற்கும் இடத்தில் வந்து நின்றார். ஆலங்குளத்து அணியின் அட்டையை முன்பே வாங்கிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். ஏசுதாசன் இன்னும் முதுகைக் காட்டியபடி நின்றார். உலகம்மை முழங்காலில் குனிந்து எழுதினாள். ஈரத்தில் பேனா முதலில் எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். பிட்சர்: ஜெபமலர். கேட்சர்: உலகம்மை. கீழே கையொப்பம்.

எழுந்து போனாள். நல்லக்கண்ணு கையை நீட்டினார்.

“குடுத்தாச்சுன்னா மாத்த முடியாதும்மா.”

“தெரியும் சார்,” என்று அவள் அட்டையைக் கொடுத்தாள்.